ஒழுகாத குழாய்

“ஆசானே, வண்டி மறுபடியும் நின்னுட்டு.”

இசக்கியம்மாள் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஞானதாஸ் அந்தக் கால்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

“எங்க நின்னுச்சு?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம். சரிவா இருந்ததால தள்ளிக்கிட்டே வந்துட்டோம்.”

“மதினியுமா தள்ளினாங்க?”

“ஆமா.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“அவ என்ன சொல்லுவா? தங்கமான பொம்பள.”

லாரிக்கு அடியில் ஒரு நட்டு இறுகும் சத்தம் கேட்டது.

ஆசான் என்றதும் உங்களுக்கு ஒரு தாடி நினைவுக்கு வந்திருக்கும். மன்னிக்கவும். இசக்கியம்மாளுக்கு வயது முப்பத்தைந்து. காவல்கிணறு விலக்கில், சாலை பிரிகிற இடத்தில், காற்றாலைகளுக்கு நடுவே, டீசல் வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். அவள் வாய்திறந்து பேசுவதே குறைவு. அந்தக் காற்றில் பேசினால் பாதி வார்த்தை ஆரல்வாய்மொழிக்குப் போய்விடும்.

சீடருக்குத்தான் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாகர்கோவிலில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தே தலை நரைத்தவர். கடையை மூடிய கையோடு ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், தண்ணீர்த் தொட்டி கட்டினார், கூரையில் சோலார் பலகை ஏற்றினார். மெத்தை உறை, திரை, எல்லாம் அவரே தைத்தார். மனைவி கமலபாயைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்கு வேறு ஆசையே கிடையாது என்றுகூடச் சொல்லலாம்.

முதல் பயணத்தில் வேன் இசக்கியம்மாளின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. அவள் அதைச் சரிசெய்யும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தவர்தான். அன்றிலிருந்து அவர் சீடர்.

“ஆசானே ஆசானேங்காதீங்க அண்ணாச்சி, கூச்சமா இருக்கு” என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் சிலம்பம் சொல்லித் தருகிறவரை ஆசான் என்போம். டீசல் பம்பு மட்டும் அதற்கு என்ன குறைச்சல் என்பது ஞானதாஸின் கட்சி.

இசக்கியம்மாள் வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்தாள்.

“என்ன மாத்தினீங்க?”

“ஃபில்டர் மாத்தினேன். பம்பு மாத்தினேன். நாசில் மாத்தினேன். பேட்டரியும் மாத்திட்டேன்.”

“பேட்டரி எதுக்கு?”

“ஒரு சந்தேகம்தான்.”

“கழட்டின பழசெல்லாம்?”

“என் பக்கத்து முன்சீட்டுல ஒரு இரும்புப் பெட்டி இருக்குல்லா, அதுக்குள்ள. என்னைக்காவது உதவும். ஆடிக்கிட்டு இருந்தது, நாலு போல்ட் போட்டு இறுக்கிட்டேன்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“ஆசானே, இன்னைக்கு எப்படியாவது ஓட்டிக் காட்டணும். சாயந்தரம் கமலாவோட தம்பி பொன்னையா கார் கொண்டு வாரான். அவ அவன்கூட வள்ளியூருக்குப் போறாளாம். ‘நீங்க போயிட்டு வாங்க, நான் அங்ஙன இருக்கேன்’னு சொல்லுதா. சிரிச்ச முகமாத்தான் சொல்லுதா. கரையோரமாவே கோவா வரைக்கும் அவளக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் இவ்வளவும் செஞ்சேன். அவ இல்லாம நான் எங்க போக?”

அவர் வேனின் பம்பரைத் தடவிக்கொண்டே நின்றார்.

“வண்டி நிக்குததுனாலதான் போறாங்களா?”

“வேற எதுக்குப் போவா?”

இசக்கியம்மாள் பாயை எடுத்து வேனுக்கு அடியில் விரித்தாள்.

“ஒழுகுதா?”

“டார்ச் அடிச்சு ஒவ்வொரு குழாயாப் பாத்துட்டேன். பழைய நியூஸ்பேப்பரைக்கூட கீழ விரிச்சுப் பாத்துட்டேன். ஒரு சொட்டு இல்ல.”

“டேங்க்ல எவ்வளவு இருக்கு?”

“கால்வாசி.”

“முழுசா இருந்தா நிக்குதா?”

ஞானதாஸ் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

“நிக்காது. பாதிக்குக் கீழ போனாத்தான் நிக்குது.”

“ம்.”

அவள் ஆணியில் தொங்கிய ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபில் ஒரு முழம் வெட்டினாள். மீன் தொட்டிக்குப் போடுவார்களே, உள்ளே இருப்பது வெளியே தெரியும், அந்த மாதிரி. பம்புக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள்.

“ஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணிட்டு வந்து பாருங்க.”

அவர் பண்ணிவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

டியூபுக்குள் டீசல் ஓடிக்கொண்டிருந்தது. அதனூடே ஒரு குமிழி வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் பாசிமணி கோத்தது போல வரிசையாக வந்தன. எஞ்சின் இருமியது, நின்றது.

“காத்து!” என்றார் ஞானதாஸ். “ஆனா ஒழுகலையே ஆசானே. ஒழுகாத குழாய்க்குள்ள காத்து எப்படிப் போகும்?”

“பம்புக்கு அந்தப் பக்கம்னா தள்ளுத குழாய். அதுல கீறல் விட்டா வெளிய ஒழுகும், எல்லாருக்கும் தெரியும். இது டேங்க்ல இருந்து பம்பு இழுக்குத குழாய். இதுல கீறல் விட்டா வெளிய ஒண்ணும் வராது. டேங்க்ல டீசல் கொறஞ்சா பம்பு பலமா இழுக்கும், அப்ப கீறல் வழியா காத்தும் வரும். உள்ளுக்குள்ள காத்தைக் குடிச்சுக்கிட்டே கெடக்கும்.”

“எத்தனை நாளாவோ?”

“வண்டி நிக்குத வரைக்கும்.”

கீறல் டேங்க் மேல்முனையில், கிளாம்புக்கு அடியில் இருந்தது. ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினால்தான் தெரிந்தது, தலைமுடி கனத்தில். அவள் புது ஹோஸ் போட்டாள். பழையதைத் தூக்கி ஓரத்தில் போட்டாள்.

“இப்ப உள்ள மாட்டின காத்தை எடுக்கணும். நான் பம்பு அடிக்கேன். நீங்க ஃபில்டர் மேல இருக்க ஸ்க்ரூவைத் திறங்க.”

இது ஞானதாஸுக்கு மனப்பாடமான வேலை. வழியெல்லாம் இதைச் செய்துதான் வண்டியை இதுவரை ஓட்டியிருக்கிறார். ஸ்க்ரூவைத் திறந்தார். அவள் கைப்பம்பை அடித்தாள். ஸ்க்ரூவைச் சுற்றி டீசல் கொப்பளித்தது. அவர் ஸ்பேனரைத் திருப்பினார்.

அவர் புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“யாரு மூடச் சொன்னா?”

“டீசல் வந்துட்டே.”

“அது நுரை.”

“நுரையும் டீசல்தான ஆசானே?”

“எப்பவும் இப்படித்தான் மூடுவீங்களா?”

“கொஞ்சம் வந்ததும் மூடிருவேன். கையெல்லாம் ஆகுது பாருங்க. சீக்கிரம் சரிபண்ணிட்டா நல்லதுன்னு...”

“கையில ஆகட்டும். சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க.”

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். நுரை வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை வரை டீசல் வழிந்தது. அவருக்கு விரல் துறுதுறுத்தது. இருந்தும் மூடவில்லை. ஒரு கட்டத்தில் நுரை அடங்கி, சத்தமில்லாமல், நல்லெண்ணெய் போலத் தெளிவாக டீசல் வந்தது.

“இப்ப மூடுங்க.”

எஞ்சின் ஒரே சாவியில் பிடித்தது. காவல்கிணறு விலக்கைத் தாண்டிப் பணகுடி வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். கால்வாசி டேங்கோடு வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. ஞானதாஸ் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

கமலபாய் ஒர்க்‌ஷாப்பின் வேப்பமரத்தடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை இருந்தது.

“கமலா! வண்டி சரியாயிட்டு! இனிமே நிக்கவே நிக்காது!”

“அப்படியா? ரொம்ப சந்தோசம்.”

உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். எழுந்து வேனுக்குள் போனாள். கொடியில் காய்ந்த தன் துண்டை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“பாத்துப் போயிட்டு வாங்க. ராத்திரி ஓட்டாதீங்க. மாத்திரையை மறந்துராதீங்க.”

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஞானதாஸ் ஒர்க்‌ஷாப்புக்குள் ஓடினார்.

“ஆசானே, வண்டி ஓடுது. ஆனா அவ வரமாட்டேங்கா.”

“என்ன குறைன்னு சொன்னாங்க?”

“ஒரு குறையும் சொல்லல. கட்டின நாள்ல இருந்து அவ ஒரு குறை சொன்னதில்ல. தண்ணிக்கு மோட்டார் போட்டுக் கொடுத்தேன். பாத்திரம் கழுவ தொட்டி வச்சேன். எல்லாம் வேலை செய்யுது. எங்கயும் ஒரு குறை இல்ல.”

இசக்கியம்மாள் ஓரத்தில் கிடந்த பழைய ஹோஸை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள். வைத்துவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே ஒரு பிசுக்குகூட இல்லை.

பிறகு அதைக் கையில் பிடித்தபடியே வேனுக்குள் ஏறினார். கமலபாய் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்புக்கு எதிரே, சுவரோடு சேர்ந்து, அவளுக்கென்றே அவர் போட்ட நீள பெஞ்சு. மெத்தைக்கு நீலப்பூ போட்ட உறை. அவர் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கமலா, உனக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லயே.”

அவர் எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

“என்ன, உக்காந்துட்டீங்க? அங்க வேலை இல்லையா?”

“இல்ல.”

“பொன்னையா வந்துருவான்.”

“வரட்டும்.”

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். திரையை இழுத்துவிட்டாள். மறுபடியும் அதைத் திறந்தாள்.

“அந்த ஜன்னல் ஃபேன் கடகடன்னு கெடக்கு.”

அவர் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவருக்குப் போனது. பாதியில் நின்றது.

“ம்” என்றார்.

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். வழக்கமாக இந்நேரம் மனிதர் ஸ்டூல் போட்டு ஏறியிருப்பார்.

“குழாய்த் தண்ணி பிளாஸ்டிக் வாடை அடிக்கு.”

“ம்.”

“டேங்க்ல டீசல் எவ்வளவு இருக்குன்னு தெரியும் உங்களுக்கு. நான் கோவிலுக்குப் போயி எத்தன ஞாயிறு ஆச்சுன்னு தெரியுமா?”

“தெரியல கமலா.”

“பெரிய சவுகரியமா மோட்டார் போட்டுக் கொடுத்தீங்க. கொஞ்சமா தண்ணி விடுன்னா விடமாட்டேங்கு. அரிசி களஞ்சா பாதி அரிசி வெளிய போவுது.”

அவருக்கு வாய் துடித்தது. அந்த மோட்டாருக்கு ஒரு வால்வு போட்டால் போதும். சொல்ல ஒரு நொடி ஆகாது. அவர் ஹோஸை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கமலபாய் பேசினாள். வேகமாகப் பேசினாள். கொசுவலை, கேஸ் சிலிண்டர், அவருடைய கிரீஸ் துணியைத் தன் துணியோடு ஊறவைத்தது, மகள் போன் செய்யும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்கச் சொன்னது. ஒவ்வொன்றும் அவர்மேல் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

பிறகு அவள் நிறுத்தினாள். அடுத்ததை மெதுவாகச் சொன்னாள்.

“இந்தப் பெஞ்சுல பக்கவாட்டுல உக்காந்தா எனக்குக் குமட்டுது. வண்டி கெளம்பினா எறங்குத வரைக்கும் குமட்டுது.”

அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

“உங்களுக்கு முன்னால ரோடு தெரியுது. மலை வருது, கடல் வருது. ‘பாத்தியா கமலா, பாத்தியா’ன்னு கேப்பீங்க. நான் திரும்பிப் பாக்கதுக்குள்ள அது போயிரும். எனக்கு எப்பவும் தெரியுதது உங்க முதுகுதான். அறுபது வயசு ஆளோட முதுகைப் பாத்துக்கிட்டே கோவா வரைக்கும் வரணுமா?”

அவர் கண் கலங்கிவிட்டது.

“ஏன் கமலா முன்னாலயே சொல்லல?”

“சொன்னேனே. ஒருநாள் குமட்டுதுன்னு சொன்னேன். முழுசாச் சொல்லி முடிக்கல, ஓடிப்போயி ஒரு ஃபேன் வாங்கி ஜன்னல்ல மாட்டிட்டீங்க. அதுதான் இந்தக் கடகட ஃபேன். அதுக்குப் பெறவு என்னத்தச் சொல்ல? நீங்க ஆசையா மாட்டினது.”

ஞானதாஸ் எழுந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

பெட்டியின் முதல் போல்ட் சுலபமாக வந்தது. இரண்டாவது துருப்பிடித்திருந்தது. மூன்றாவதோடு கை தோல் உரிந்தது. நாலாவதை அவர் இறுக்கியிருந்த இறுக்கில் அவரே தம்மைத் திட்டிக்கொண்டார். கடைசியில் பழைய பம்பு, பழைய நாசில், எல்லாம் கிணுகிணுக்க அந்த இரும்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தார்.

“எங்க கொண்டு வாரீங்க?” என்றாள் இசக்கியம்மாள்.

“இங்க கெடக்கட்டும் ஆசானே.”

“வழியில எங்கயாவது நின்னுட்டா?”

“நின்னா ரெண்டு பேருமா நிக்கோம்.”

அவர் திரும்பிப் போய், பெஞ்சிலிருந்து நீலப்பூ மெத்தையை உருவி முன்சீட்டில் போட்டார். தட்டிச் சமன் செய்தார். கையை நீட்டினார். கமலபாய் பையை உள்ளேயே வைத்துவிட்டு முன்னால் வந்து ஏறினாள்.

ஒரு கார் வந்து வேனுக்கு நேர் முன்னால் நின்றது. பொன்னையா இறங்கி டிக்கியைத் திறந்து வைத்தான்.

“அக்கா, கெளம்பலாமா? பை எங்க?”

“எலே பொன்னையா.”

“என்னக்கா?”

“காரை அந்தப் பக்கம் எடுத்து நிறுத்து. ரோடு தெரியல.”