ஒரு வாய்த் தேறல்

கப்பலுக்குப் பாய் இருந்து பெயர் இல்லாத காலத்தில், கடலோரத்தில் சங்குத்துறை சங்குத்துறை என்று ஒரு பட்டினம் இருந்ததாம். அங்கே பட்டு இறங்கும், குதிரை இறங்கும், கழுத்து நீண்ட சாடிகளில் திராட்சை மதுவும் இறங்கும். பட்டும் குதிரையும் கண்ணுக்குத் தெரிகிறவை, நல்லது கெட்டது பார்த்தே சொல்லிவிடலாம். மூடின சாடிக்குள் இருப்பதை யார் சொல்வது? அதற்கென்றே அந்த ஊரில் ஒரு கூட்டம் இருந்தது. சுவையர் என்று அவர்களுக்குப் பெயர்.

சுவையருக்கு ஆசான் ஒரு பெண். சாத்தி என்று பெயர். துறைமுகத்து நிலவறை அவள் பொறுப்பில் இருந்தது. எந்தச் சாடியைச் சாய்த்து வைக்க வேண்டும், எதை ஆற்று மணலில் புதைக்க வேண்டும், எது இன்னும் இரண்டு மழைக்குத் தாங்கும், எது இந்த வாரமே புளித்துப்போகும் என்று அவள் சொல்லிவிட்டால் மாலுமிகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அவளுடைய சீடர்களில் ஒருவன் சேந்தன். அவளைவிட வயதில் மூத்தவன். உப்பு வியாபாரம் செய்து, போதும் என்று விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு கற்றுக்கொள்ள வந்தவன். பிந்தி வந்தாலும் நாக்கு முந்திக்கொண்டது. சாடியைக் கொண்டுவந்த கப்பலில் பக்கத்தில் மீன் இருந்ததா, தோல் இருந்ததா என்றுகூட ஒரு வாயில் சொல்லிவிடுவான்.

வெயில் சாய்ந்தால் சுவையர் நிலவறை வாசலில் கூடிவிடுவார்கள். நடுவில் ஒரு மணல் தொட்டி. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, மூச்சை உள்ளே இழுத்து, மணலில் துப்பிவிட்டு, பத்துக்கு எத்தனை என்று எண் சொல்ல வேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்கினால் தலைக்கு ஏறும், தலைக்கு ஏறினால் எண் தப்பும். விழுங்கினவன் சொல் அன்றைக்குச் செல்லாது.

அப்புறம் சண்டைதான். ஒருவர் காய்ந்த நாவற்பழம் என்பார். இன்னொருவர் நாவலாவது கீவலாவது, நனைந்த கயிறு என்பார். அவர்களில் ஆந்தை என்று ஒருவர். கண் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. ஒருநாள் ஒரு சாடியை ருசித்துவிட்டு, "இது என் மாமனார் மாதிரி. வயதாக வயதாகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். அந்தச் சாடிக்கு அன்று மூன்றுக்கு மேல் யாரும் கொடுக்கவில்லை.

சேந்தனுக்கு இந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. மோர் கொடுத்தாலும் முதல் வாயைத் துப்புவான். கஞ்சி கொடுத்தாலும் ஒரு எண் சொல்வான். தாயில்லாத பெண் தாழை, அவனுடைய ஒரே மகள், அப்பாவின் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சட்டியில் மணல் கொட்டி வைத்துவிட்டாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை.

அந்தத் தாழைக்குத்தான் கல்யாணம் கூடி வந்தது. வருஷா வருஷம் மிளகுப் பொதியோடு மலையிலிருந்து இறங்கி வருகிற காரியின் மகன் வேங்கையன். பிள்ளைகள் இரண்டும் எப்போதோ பேசி முடித்துவிட்டிருந்தன. பெரியவர்களுக்குச் சேதி கடைசியில்தான் வந்தது. காரி சரி என்றார், சேந்தனும் சரி என்றான்.

மலைக்காரர்களுக்கு நிச்சயம் என்றால் ஓலையும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பிள்ளையைப் பெற்றவர் தன் கையாலேயே தேனைப் புளிக்கவைத்து, நெருப்பில் வாட்டின மூங்கில் குழாயில் அடைத்து, மண்ணில் புதைத்து எடுத்துவருவார். அதற்குத் தேறல் என்று பெயர். பெண்ணைப் பெற்றவர் அதை முதலில் ஒரு வாய் குடிக்க வேண்டும். அதே குவளையில் அடுத்த வாய் பிள்ளையைப் பெற்றவர். அதுவரைக்கும் அவர் வீட்டார் யாரும் அதை நாக்கில் வைக்கக் கூடாது. ஒரே குவளை இரண்டு தொண்டைக்குள்ளும் இறங்கிவிட்டால் உறவு.

காரி மிளகு தெரிந்தவர், தேறல் தெரியாதவர். ஆனாலும் மகனுக்காகத் தானே உட்கார்ந்து செய்து, மாட்டின் மேல் ஏற்றினால் குலுங்கும் என்று மலையிலிருந்து தோளிலேயே சுமந்து வந்திருந்தார். காலையில் சேந்தன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் சுற்றி நிற்க, குவளையை நிரப்பி இரண்டு கையாலும் நீட்டினார்.

சேந்தன் ஒரு வாய் எடுத்தான். நாக்கில் உருட்டினான். மூச்சை உள்ளே இழுத்தான். தலையைத் திருப்பி முற்றத்து மணலில் துப்பினான்.

"கருகல். மூங்கிலை அதிகம் வாட்டியிருக்கிறது. ஐந்து" என்றான். பிறகு, நல்லதும் ஒன்று சொல்ல வேண்டுமே என்று, "இன்னும் ஒரு மழை மண்ணுக்குள் இருந்திருந்தால் ஏழு" என்றான்.

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. சேந்தனுக்கு அப்போதும் புரியவில்லை. ஆந்தை எங்கே, இந்நேரம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே என்று பார்த்தான். காரி குவளையைத் திரும்ப வாங்கி, மிச்சத்தைத் தரையில் கவிழ்த்து, துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். வேங்கையன் மட்டும் வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

மாலையில் பொதி ஏற்றி மலைக்குத் திரும்புகிறார்கள் என்று சேதி வந்தது. அதற்குள் பெண் தன் கையாலேயே பேச்சு முடிந்த அன்று அவர்கள் கழுத்தில் போட்ட மணிவடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அதுவும் அவர்கள் வழக்கம்.

தாழை அழவில்லை. மணிவடத்தைக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டே, "அப்பா, தேறலுக்கு ஐந்து. எனக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

சேந்தன் வீட்டில் இருக்க முடியாமல் நேராகச் சுவையரிடம் ஓடினான். நடந்ததைச் சொன்னான். எல்லோரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். ஆந்தை அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கருகல் நாக்கின் நுனியில் வந்ததா, அடியில் வந்ததா என்று விசாரித்தார். அடியில் என்றான். அடியில் வந்தால் மூங்கில் இல்லை, தேனடையைப் புகை போட்டு எடுத்ததில் வந்தது என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை என்றார் இன்னொருவர். கடைசியில் ஐந்து என்பதே தாராளம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவுசெய்து, அவனைப் பாராட்டினார்கள்.

அவன் எழுந்து நிலவறைக்குள் இறங்கினான்.

சாத்தி களிமண் குழைத்துச் சாடிகளின் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அம்மா, நான் சொன்னது பொய்யா?"

"கருகலா?"

"கருகல்தான்."

"அப்படியானால் பொய் இல்லை."

அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அவர் உங்களிடம் எண் கேட்டாரா, சேந்தரே?"

"இல்லை."

"பிறகு யாருக்குச் சொன்னீர்கள்?"

 

சாத்தி கையைக் கழுவிக்கொண்டு படியேறினாள். அவனும் ஏறினான். வாசலில் அந்த மணல் தொட்டி இருந்தது. சுவையர் கலைந்துபோயிருந்தார்கள்.

"இந்த வருஷம் பத்து வாங்கின சாடி நினைவிருக்கிறதா?"

"இல்லாமலா? வாயில் வைத்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோமே."

"அது இதில்தான் இருக்கிறது. ஒன்பது வாங்கினது, எட்டு வாங்கினது எல்லாம் இதில்தான். முகர்ந்து சொல்லுங்கள்."

அவன் குனிந்தான். புளித்த நாற்றம் குப்பென்று ஏறியது. ஈ மொய்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தான்.

"எத்தனை?"

அவன் எண் சொல்லவில்லை. "துப்பச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே, அம்மா" என்றான். குரலில் குற்றச்சாட்டு இருந்தது.

"ஆமாம். நான்தான்."

"இப்போது நான் என்ன செய்ய?"

"போய் ஒரு வாய் கேளுங்கள்."

"கொடுக்கமாட்டார்."

"கேளுங்கள்."

"முகத்தில் ஊற்றிவிடுவார், அம்மா."

"வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, மேலாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டு அவளும் கூடவே புறப்பட்டாள்.

ஊர் எல்லையில், உப்பளத்தைத் தாண்டி, பொதிமாடுகள் நின்றன. பாதி மாட்டுக்குப் பொதி ஏறிவிட்டது. தாழை துணி முடிச்சோடு காரியின் மனைவி முன்னால் நின்றாள். அந்த அம்மாள் வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வேங்கையன் ஏற்கெனவே கட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

"சம்பந்தி" என்று கூப்பிட்டான் சேந்தன்.

"யார் சம்பந்தி?" என்றார் காரி, திரும்பாமலே.

"எனக்கு ஒரு வாய் வேண்டும்."

காரி திரும்பினார். "எதற்கு? வாய் கொப்பளிக்கவா? உப்பளத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. அதைச் சுமந்து வர மலையில் ஆள் வேண்டியதில்லை."

சேந்தன் நின்ற இடத்திலேயே நின்றான். காரியின் மனைவி, கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்லி நமக்குப் பழக்கம் உண்டா என்று கணவனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

காரி மாட்டின் பக்கம் போய் மூங்கில் குழாயை எடுத்தார். குவளையைத் தேடவில்லை. "வாயைத் திற" என்றார்.

சேந்தன் திறந்தான். காரி குழாயைச் சாய்த்தார். வாய் நிறைந்து, தாடியில் வழிந்து, மார்பில் ஓடியது. குழாயை நிமிர்த்திவிட்டு, காரி அவன் கழுத்தையே பார்த்தார். மலைக்காரர்கள் எல்லோரும் அந்தக் கழுத்தையே பார்த்தார்கள்.

நாக்கு அவனைக் கேட்கவில்லை. தானாக உருட்டியது. கருகல் அடியிலிருந்து எழுந்தது. எண்ணும் கூடவே எழுந்தது. கழுத்து மணலைத் தேடி ஒரு பக்கமாகத் திரும்பியது. திரும்பின பக்கத்தில் தாழை நின்றாள். முடிச்சை மார்போடு பிடித்துக்கொண்டு, அவளும் அவன் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேந்தன் விழுங்கினான்.

பல வருஷமாக அந்த வழியில் ஒரு சொட்டு மதுவும் போனதில்லை. தொண்டை எரிந்தது. மூக்கில் ஏறியது. இருமலும் கண்ணீருமாக அவன் இரண்டாக மடிந்து உட்கார்ந்துவிட்டான்.

"இப்போது எத்தனை?" என்று கேட்டார் காரி.

அவன் கையை ஆட்டினான். பேச வரவில்லை. யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னொருவர். தாழை முடிச்சைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். இருமலுக்கு வேண்டியதைவிடப் பலமாகவே தட்டினாள் என்று சொல்வார்கள்.

காரி சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து குவளையை எடுத்து, கொஞ்சம் ஊற்றி, அதைச் சேந்தனின் உதட்டில் ஒருதரம் வைத்து எடுத்து, மிச்சத்தைத் தான் குடித்தார். அவர் நாக்கில் அது படுவது அப்போதுதான் முதல் தடவை. முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"என்ன?" என்றாள் மனைவி.

"ஒன்றுமில்லை" என்று சொல்லி விழுங்கினார்.

குவளை எல்லோரிடமும் சுற்றி வந்தது. ஒவ்வொரு முகமும் கோணி நிமிர்ந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாத்தியிடம் வந்தபோது அவள் இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினாள். காரிக்கு முகம் மலர்ந்தது.

"மூங்கிலைக் கொஞ்சம் அதிகமாக வாட்டிவிட்டேன் போலிருக்கிறது" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

சேந்தன் தலையைத் தூக்கினான். எவ்வளவு வாட்ட வேண்டும், எந்தப் பக்கம் வாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவன் வாய்க்கு வந்துவிட்டது. சாத்தி அவன் காலை மிதித்தாள்.

"பெண்ணை எப்போது அழைத்துப் போகிறீர்கள், சம்பந்தி?" என்று கேட்டான் சேந்தன்.

மிளகுக் கொடி பூத்ததும் என்றார் காரி. அவர் மனைவி தரையில் கிடந்த முடிச்சை எடுத்து, அவிழ்த்து, மணிவடத்தைத் தாழையின் கழுத்தில் தானே போட்டுவிட்டாள். மாடுகள் நகர்ந்தன. தாழை உப்பளத்துக் கரைவரைக்கும் கூடவே நடந்து போய், அவர்கள் மறைந்த பிறகு, அப்பாவுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆசானும் சீடனும் மட்டும் நின்றார்கள். சேந்தனுக்குத் தொண்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதோடு இன்னொன்றும் உள்ளே நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"அம்மா, நீங்களும் குடித்தீர்களே."

"குடித்தேன்."

"ஐந்துதானே?"

சாத்தி மலைப்பாதையைப் பார்த்தாள். மாட்டு மணிச் சத்தம் நன்றாகத் தேய்ந்து, இல்லாமல் போகும்வரை பேசாமல் நின்றாள்.

"நாலு" என்று சொல்லிவிட்டு, நிலவறையைப் பார்த்து நடந்தாள்.

 சேந்தனும் தாடியைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.