பெருஞ்சிலந்தி தவளையைத் தொட்டுப் பார்த்து விடுவது ஏன்

எல்லா உயிர்களும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், ஒரு மலைச்சரிவில், நாவல் மரத்தின் வேருக்கடியில் பெருஞ்சிலந்தி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. பூளைப்பூவின் பஞ்சு போல உடம்பெல்லாம் மயிர் என்பதால் அதற்குப் பூளை என்று பெயர். வலை பின்னிக் காத்திருக்கிற சாதி இல்லை அது. வாசலில் சில இழைகளை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். இழை அதிர்ந்தால் பாய்ந்து பிடிக்கும். எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல்.

அதே வளையில் குமிழி என்ற குட்டித் தவளையும் இருந்தது. ஒரு கோடையில் வெயில் தாங்காமல் வந்து ஒண்டி, அப்படியே தங்கிவிட்டது. அது வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் பூளை, "யாரது?" என்று கேட்கும். "நான்தான் அக்கா, குமிழி" என்று பதில் வந்தால் வழிவிடும். பதில் வராத எதுவும் அதற்கு இரைதான்.

மழைக்காலம் தொடங்கும்போது பூளைக்கு என்னவோ போல் ஆனது. தின்ன மனமில்லை. மேனி மங்கி, வயிறு கறுத்தது.

"உடம்புக்கு என்ன அக்கா?"

"தெரியவில்லையே. சட்டை சிறுத்துப்போன மாதிரி இருக்கிறது. நான்தான் சட்டையே போட்டதில்லையே."

மறுநாள் பூளை மல்லாந்து படுத்தது. கால்கள் அசையவில்லை. குமிழி கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. செத்தவர்கள் இப்படிக் கிடப்பதைக் குமிழி பார்த்திருக்கிறது. ஆனால் மார்பு லேசாக விம்முவது போலவும் இருந்தது. அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அப்போது சாரை சாரையாகச் செவ்வெறும்புகள் வந்தன.

"வழியை விடு. செத்தது எங்களுக்கு" என்றது முன்னால் வந்த எறும்பு.

"செத்துவிட்டதா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை."

"அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் வரவில்லை."

ஓடிவிடலாமா என்று குமிழிக்குத் தோன்றியது. ஓடவில்லை. நாக்கை நீட்டி அந்த எறும்பை விழுங்கியது. பிறகு அடுத்ததை. எறும்புகள் உதட்டிலும் நாக்கிலும் கடித்துத் தொங்கின. அவை ஒருவழியாகப் பின்வாங்கியபோது குமிழியின் வாய் வீங்கி, நாக்கு தடித்துப்போயிருந்தது.

அந்நேரம் பூளையின் முதுகு ஓடு மூடி போலத் திறந்தது. உள்ளேயிருந்து பூளையே ஈரமாக, மெத்தென்று, முன்னைவிடப் பெரிதாக வெளியே வந்தது. புது மயிரில் காற்றுப் பட்டாலே உடம்பு கூசியது. காலை நீட்டினால் பக்கத்தில் ஒரு சிலந்தி கிடந்தது. கால், மயிர், பல் எல்லாம் இருந்தன. உயிர் இல்லை.

இது யார்? என் வீட்டில் வந்து எப்படிச் செத்தது? பூளைக்குத் தலை சுற்றியது. அருகில் ஏதோ அசைந்தது.

"யாரது?"

குமிழி வாயைத் திறந்தது. குரல் வரவில்லை.

"யாரது? உன்னைத்தான் கேட்கிறேன்."

பதில் இல்லை. பூளை பாய்ந்து அமுக்கிப் பல்லை இறக்கியது. புதுப் பல் வெள்ளையாக, பிஞ்சாக இருந்ததால் தோலில் இறங்காமல் வழுக்கியது. அப்போது வாயோரத்துச் சிறுகால்கள் அந்த முதுகில் பட்டன. ஒட்டும் தோல், ஈரமண் வாசனை, ஒரு கசப்பு. பூளை மறுபடி தடவிப் பார்த்தது. பிடியை விட்டது.

"குமிழியா?"

குமிழி தலையாட்டியது பூளைக்குத் தெரியவில்லை. குமிழி தவழ்ந்து வந்து பூளையின் காலில் சாய்ந்துகொண்டது. அது தெரிந்தது.

வீக்கம் வடிந்த பிறகு குமிழி எல்லாவற்றையும் சொன்னது. பூளை பக்கத்தில் கிடந்ததைக் காலால் தொட்டது.

"அப்படியானால் இங்கே கிடப்பது யார்?"

"நீதான் அக்கா."

"நான் இங்கே இருக்கிறேனே."

"அதுதான் எனக்கும் விளங்கவில்லை. காலெல்லாம் உன் கால்தான்."

இரண்டும் அந்த வெறுந்தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தன. ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அதை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டன.

அன்று முதல் பெருஞ்சிலந்தி, தன் வளைக்கு வரும் குட்டித் தவளையிடம் யாரென்று கேட்பதில்லை. பிடித்து, வாயருகே வைத்து, முதுகைத் தடவிப் பார்த்து விட்டுவிடுகிறது. தவளையும் திமிறாமல் நின்று முதுகைக் காட்டிவிட்டு, சிலந்தியின் முட்டைப் பையை எறும்பு அண்டாமல் காக்க உள்ளே போகிறது.