முதல் கூடை மண்

மழைக்கும் மண்ணுக்கும் மனஸ்தாபம் வந்து, மூன்று வருஷம் இரண்டும் முகம் பார்க்காமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது ராஜா இருந்தார்; ஆனால் வெகு தொலைவில் இருந்தார். ஏரி பக்கத்தில் இருந்தது. அதனால் ஜனங்கள் ராஜாவைப் பற்றிக் கொஞ்சமாகவும் ஏரியைப் பற்றி நிறையவும் பேசினார்கள். நாமும் அப்படியே செய்வோம், கேளுங்கள்.

ஒரு மலை. அதன் அடிவாரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் மூன்று ஊர்கள்: மேலக்கொன்றை, நடுக்கொன்றை, கீழக்கொன்றை. ஊருக்கு ஓர் ஏரி. மலையில் பெய்யும் மழை முதலில் மேல் ஏரியை நிரப்பும். அது வழிந்தால் நடு ஏரிக்கு வரும். நடு ஏரி வழிந்தால் கீழ் ஏரிக்குப் போகும். மேலே இருப்பவன் குடித்து மீந்ததைக் கீழே இருப்பவனுக்கு விடுகிற ஏற்பாடு. சொல்ல எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஏரி வழியும் இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். கரையின் ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கல் தளம் போட்டு, அதன்மேல் குத்துக்கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். கற்களின் இடைவெளி வழியே மிகுந்த தண்ணீர் வெளியே போகும். கார்த்திகை தீபம் முடிந்து, இனிப் பெருமழை இல்லை என்று ஆனபிறகு, அந்த இடைவெளிகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். அதற்குமேல் வருகிற சின்ன மழையெல்லாம் ஏரிக்குள்ளேயே தங்கும், கோடைக்கு ஆகும். தீபத்துக்கு முன்னால் மட்டும் அடைக்கக் கூடாது. மூன்று ஊருக்கும் அதுதான் கட்டுப்பாடு.

நடுக்கொன்றையின் ஏரித்தலைவர் பெயர் உலகுய்யவந்தான். ஐம்பதைத் தாண்டியவர். ஊரார் உய்யவந்தார் என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். ஒரு காரியத்தைச் செய்யுமுன் மூன்று தடவை யோசிப்பார். செய்தபின் ஆறு தடவை யோசிப்பார். "எங்க வீட்டுக்காரர் சோத்துல உப்புப் போட்டாலும், போட்டது சரிதானான்னு ரெண்டு நாழிகை உக்காந்திருப்பாரு" என்பாள் மனைவி கோலாட்சி.

மழை வராத மூன்று வருஷத்தில் அவர் மூன்று காரியங்கள் செய்தார்.

முதல் வருஷம், காய்ந்த ஏரியில் வண்டல் அள்ளச் சொன்னார். "இல்லாத தண்ணிக்குப் பாத்திரம் கழுவுறாரு" என்று ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே அள்ளி வயலில் கொட்டியது.

இரண்டாம் வருஷம், கரைக்கு உட்புறம் நாணலும் வெளிப்புறம் வெட்டிவேரும் நடச் சொன்னார். குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு மிச்சம் பிடித்து அவற்றுக்கு ஊற்றினார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை, திட்டினார்கள்.

மூன்றாம் வருஷம், வற்றிய ஏரிக்குள் வரப்புப் போட்டுக் கேழ்வரகு விதைத்தவர்களை வெளியேறச் சொன்னார். அதில் முதல் வரப்பு அவர் மைத்துனனுடையது.

"அக்காளக் கட்டிக் குடுத்தோம். பதிலுக்கு நிலத்தப் புடுங்குறீங்களே மாமா" என்றான் மைத்துனன்.

உய்யவந்தார் பதில் தேடிக்கொண்டிருந்தபோது கோலாட்சி முந்திக்கொண்டாள். "அது நம்ம அப்பன் குடுத்த சீதனமாடா? ஏரிடா அது. மம்பட்டியை எடு."

மேலக்கொன்றையில் வேறு கதை. அங்கே தலைவர் கங்கைகொண்டார். அவர் ஊரார் ஏரியில் பாதியை வயலாக்கிக்கொண்டார்கள். கரையில் மண்ணைப் பிடித்திருந்த மரங்களை விறகுக்கு வெட்டினார்கள். தண்ணீர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

தண்ணீர் வந்தது.

நான்காம் வருஷம் ஐப்பசியில் வானம் மனசு மாறியது. மழை, மழை, மழை. ஏரிகள் நிரம்பின. நடுக்கொன்றைக் கலங்கலில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. முதல் நாள் ஊரே கூடி மஞ்சளும் பூவும் விட்டுக் கும்பிட்டது. இரண்டாம் நாள் சும்மா நின்று பார்த்தது. மூன்றாம் நாள் ஊருக்கு வயிறு எரிந்தது.

எரியாதா? மூன்று வருஷம் கனவில் மட்டும் கண்ட தண்ணீர், கண்ணெதிரே கீழூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி வந்தது. மேலக்கொன்றையில் கலங்கலை அடைத்துவிட்டார்களாம். இனி மேலிருந்து ஒரு சொட்டு வராது. பெருநிலக்காரர் மழவராயர் ஆட்களும் கூடைகளுமாகக் கரைக்கு வந்துவிட்டார்.

"தலைவரே, மேல அடைச்சுட்டான். நாம மட்டும் தர்மசத்திரமா நடத்துறோம்? வழி விடுங்க. இன்னிக்கே அடைக்கணும்."

"தீபம் வரலியே ராயரே."

"தீபம் வரும். தண்ணி இருக்குமா? கங்கைகொண்டார் பேருக்கு ஏத்த மாதிரி புடிச்சு வெச்சுக்கிட்டாரு. நீங்க உலகம் உய்யட்டும்னு ஊத்தி விடுறீங்க. நம்ம ஊர் எந்த உலகத்துல இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். உய்யவந்தாருக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியைத்தான் அவரும் விடியற்காலையிலிருந்து தம்மைக் கேட்டுக்கொண்டிருந்தார். மழை இத்தோடு நின்றுவிட்டால்? இரண்டாம் போகம் கருகினால்? ஊரைப் பட்டினி போட்டவன் என்றல்லவா பெயர் வரும்? ஆனால் அடைத்தபின் பெருமழை வந்தால், ஊரே இருக்காது. இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம்.

கடைசியில் சொன்னார்: "அடைங்க. ஆனா ஒண்ணு. முதல் கூடை மண்ணை யார் போடுறாரோ, அவர் தீபம் வரைக்கும் பெண்டு பிள்ளை, ஆடு மாட்டோட இந்தக் கரைக்கு அடியில குடியிருக்கணும்."

மழவராயர் கரையைப் பார்த்தார். அதன் அடிவாரத்தைப் பார்த்தார். "நான் எதுக்குங்க? ஏரித்தலைவர் நீங்க. நீங்க குடியிருங்க."

"நாளைக்கே வந்துடறேன். கலங்கல் திறந்திருக்கிற வரைக்கும் கரைக்கு அடியில நான் இருக்கேன். அடைச்சா யார் இருப்பீங்க? அது மட்டும் சொல்லுங்க. வேனல்ல தண்ணி பத்தாமப் போச்சுன்னா முதல்ல என் வயல் மடையை அடைச்சுக்குங்க."

கூடைகள் வந்த வழியே திரும்பின.

மறுநாள் உய்யவந்தார் கரைக்கு அடியில் குடிசை போட்டார். கோலாட்சி அடுப்பையும் எருமையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "நல்ல அக்கம்பக்கம். இந்தப் பக்கம் நண்டு, அந்தப் பக்கம் தவளை. ராவானா ரெண்டும் பேசியே கொல்லும்" என்றாள். ஆனாலும் அன்றைக்கே சாணி தெளித்துக் கோலம் போட்டுவிட்டாள்.

அதன்பின் மழை வலுக்கவில்லை. அவ்வப்போது ஒரு தூறல். ஒவ்வொரு தூறலுக்கும் கலங்கல் கொஞ்சம் வழியும், நிற்கும். வெயில் ஏறியது. கலங்கலை அடைக்க இரண்டாவதாக வந்தவர்கள் நடவு வேலை செய்யும் பெண்கள். முன்னால் நின்றவள் செம்பாயி. இடுப்பில் ஒரு கூடை மண்.

"ராயருக்குக் குதிர்ல நெல்லு இருக்குங்க. எங்க அடுப்புல பூனைதான் தூங்குது. நாத்து நட்டாத்தான் எங்களுக்குக் கஞ்சி. கரைக்கு அடியில குடியிருக்கணும், அவ்வளவுதானே? என் குடிசை எங்க இருந்தாலும் ஒழுகத்தான் போவுது. நான் இருக்கேன்."

உய்யவந்தார் அவளைத் தடுக்கவில்லை. இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவே இல்லை. இழக்க ஒன்றுமில்லாதவளிடம் அவர் வைத்த சட்டம் செல்லவில்லை.

செம்பாயி குத்துக்கல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். "நெசமாச் சொல்லுங்க. உடையும்னு நெனக்கிறீங்களா?"

"தெரியல செம்பாயி. உடையாதுன்னும் தெரியல."

 அவள் கூடையைக் கரையிலேயே கவிழ்த்தாள். "அடைச்சா ஒண்ணும் ஆகாதுன்னு ராயர் அடிச்சுச் சொல்றாரு. நீங்க தெரியலங்கிறீங்க. தெரியாதுங்கிறவரத்தான் நம்பத் தோணுது" என்று சொல்லிவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தச் சொல் உய்யவந்தாரின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நம்புகிறாள். நம்பிப் பட்டினி கிடப்பாள். தம்முடைய பயத்துக்கு அவள் பிள்ளைகள் ஏன் கஞ்சியில்லாமல் இருக்க வேண்டும்?

கார்த்திகை பிறந்தது. கலங்கலில் வழிந்தது நூலாக இளைத்தது. இந்த வருஷத்தின் கடைசித் தண்ணீர் இதுதான் என்று உய்யவந்தாருக்குத் தோன்றிவிட்டது. விடிந்ததும் அவர் ஒரு கூடையில் மண் நிரப்பிக்கொண்டு தாமே கலங்கலுக்கு நடந்தார். அடைக்க மூன்றாவதாக வந்தவர் அவர்தான்.

கோலாட்சி எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள். "முதல் கூடை உங்களுதா?"

"ஆமா."

"சரி, போடுங்க. நாமதான் ஏற்கெனவே குடியிருக்கோமே. மத்தவங்களுக்கு வெச்ச சட்டம் நமக்கும் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி நான் தூங்கட்டுமா, முழிச்சிருக்கட்டுமா?"

உய்யவந்தார் கூடையோடு நின்றார். தூங்கு என்று சொல்ல வாய் எடுத்தார். சொல்ல முடியவில்லை. இவளைத் தூங்கச் சொல்ல முடியாதவன் ஊரை எப்படித் தூங்கச் சொல்வான்? மண்ணைத் தூர வீசினார்.

அடுத்த நாளே காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசியது. வானம் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்தது. பிறகு பெய்த மழையை மழை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஆகாயத்தின் மடையைப் பிடுங்கிவிட்டது போல் பொழுது முழுக்கக் கொட்டி, மறுநாள் விடிந்தும் கொட்டியது.

முற்பகலில் மலைப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இடியில்லை. இடி முடிந்துவிடும், இது முடியவில்லை.

மேல் ஏரி உடைந்துவிட்டது. பாதி ஏரியை வயல் தின்றிருந்தது, தண்ணீருக்கு இடமில்லை. கலங்கலை மண் அடைத்திருந்தது, வழியில்லை. கரையைப் பிடிக்க ஒரு வேரில்லை. மேலக்கொன்றை ஜனங்கள் பாறைமேட்டுக்கு ஓடி உயிர் தப்பினார்கள். அவர்கள் சேர்த்த தண்ணீர் மொத்தமும் நடுக்கொன்றையை நோக்கி உருண்டு வந்தது.

உய்யவந்தார் கரைமேல் நின்றார். ஊர் முழுக்க அவர் பின்னால் நின்றது. வெள்ளம் ஏரிக்குள் பாய்ந்தது. முதலில், கேழ்வரகு விளைந்த ஓரமெல்லாம் பரவிப் படுத்தது. அங்கே அதற்கு இடம் இருந்தது. பிறகு கரையை நோக்கி எழுந்தது. அலைகள் வந்தன, நாணல் காடு அவற்றை வாங்கி உடைத்து நுரையாக அனுப்பியது. கலங்கல் முழு வாயையும் திறந்துகொண்டு முழங்கியது. அப்படியும் தண்ணீர் கரையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே வந்து நின்று மிரட்டியது.

ஓரிடத்தில் கரை கசிந்தது. மழவராயர்தான் முதலில் பார்த்தார். பட்டு வேட்டியோடு சரிவில் சறுக்கி, கரைக்கு அடியில் போய் விழுந்து, கையால் சேற்றை அள்ளி அப்பினார்.

"ராயரே, கடைசியில நீங்களும் இங்க குடிவந்துட்டீங்களே" என்றாள் கோலாட்சி, வைக்கோல் கட்டை அவர் தலைக்குமேல் நீட்டிக்கொண்டே.

"பேசாதீங்கம்மா, வைக்கோல் குடுங்க" என்றார் ராயர்.

அப்போது கீழ்ப்பக்கத்திலிருந்து கூட்டமாக ஆட்கள் ஓடிவந்தார்கள். கீழக்கொன்றைக்காரர்கள். தோளில் பனந்துண்டுகள், தலையில் கூடைகள். முன்னால் வந்த அவர்கள் தலைவர் பூதநாதர் மூச்சிரைக்கச் சொன்னார்: "ஐப்பசியிலேர்ந்து நீங்க விட்ட தண்ணியில எங்க ஏரி நிறைஞ்சிருக்கு. எங்க கலங்கலும் திறந்தே இருக்கு. எவ்வளவு வந்தாலும் அனுப்புங்க, நாங்க ஆத்துல சேத்துடறோம். ஆனா கரை மட்டும் போகக் கூடாது. தள்ளுங்க, அந்த இடத்தக் காட்டுங்க."

இரண்டு ஊரும் சேர்ந்து மிதித்தது. பனந்துண்டை இறக்கினார்கள், வைக்கோலைத் திணித்தார்கள், மண்ணைக் கொட்டினார்கள். வெட்டிவேர் கீழே மண்ணைக் கவ்விக்கொண்டது. கசிவு நின்றது.

உச்சிவேளைக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. சற்றுக் கழித்து, செம்பாயி ஒரு நாணல் தண்டைக் காட்டினாள். அதில் ஈரக்கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு தண்ணீர் இறங்கியிருந்தது.  நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். கரை நெடுகப் பெண்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். கலங்கலின் முழக்கத்தைக் குலவை அமுக்கிற்று. மழவராயர் சேற்றோடு சேறாக உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

ஏரி நின்றது. ஊர் நின்றது. கீழ் ஊரும் நின்றது.

மேலக்கொன்றை ஜனங்கள் சொட்டச் சொட்ட நனைந்து இறங்கி வந்தபோது நடுக்கொன்றையின் எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் சோறு போட்டார்கள். தீபம் முடிந்ததும் மூன்று ஊரும் கூடி மேல் ஏரியின் கரையைக் கட்டின. உள்ளே இருந்த வரப்புகளை மேலக்கொன்றைக்காரர்களே அழித்தார்கள். கரை எழும்பும்வரை அவர்களுக்கும் நடு ஏரியிலிருந்து தண்ணீர் போனது. அந்தக் கோடையில் யாருடைய மடையையும் அடைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் போகம் விளைந்து, கதிர் தலை சாய்த்து நின்றது. அறுப்புக்குச் செம்பாயி முதல் அரிவாளை வைத்தாள்.

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருக்கும்போது கங்கைகொண்டார் உய்யவந்தாரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "தண்ணி இல்லாமப் போயிடுமேன்னு பயந்துதான் நான் அடைச்சேன். உங்களுக்கு அந்தப் பயமே வரலியா?"

"வந்தது. கூடையத் தூக்கிட்டே போனேன்" என்றார் உய்யவந்தார். "உங்களுக்கு ஒரு பயம்தான் இருந்தது. எனக்கு ரெண்டு பயம் இருந்தது. வறட்சிக்குப் பயந்து தூர் எடுத்தேன், வெள்ளத்துக்குப் பயந்து வழி விட்டேன். ரெண்டுல எதை விட்டிருந்தாலும் நானும் உங்களோட பாறைமேட்டுலதான் உக்காந்திருப்பேன்."

கதை கேட்டவர்களே, இதன் நீதி இதுதான்: நீர் தங்க இடமும் மிகுந்தால் போக வழியும் விட்டு வைக்கும் ஊரின் ஏரியே வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கி நிற்கும்.