எண்ணூறு படி

வெள்ளந்திப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

சிவனாண்டி அந்த ஊர்க்காரன். அவன் பெண்டாட்டி செவத்தாயி புற்றுநோயோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டிப் பிழைத்து வந்தவள். தான் பட்ட பாட்டை இன்னொருத்தி படக்கூடாது என்று அவள் அடிக்கடி சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டு, சிவனாண்டி மருந்து கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பணம் திரட்டித் தருவதென்று கிளம்பிவிட்டான்.

அரிசி ஆலை முதலாளி தெய்வநாயகம் நல்ல மனுஷர். "நம்ம மலையில ஏறுங்கப்பா. ஒருத்தர் ஏறுற ஒவ்வொரு படிக்கும் ஆராய்ச்சிக்குப் பத்து ரூபா தர்றேன்" என்றார்.

சிவனாண்டி, மச்சான் முறையுள்ள குருந்தன், இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். எண்ணூறு படி. நாக்குத் தள்ளிவிட்டது. உச்சியில் ஒரு குதி குதித்துவிட்டு, சிவனாண்டி இறங்கக் காலை வைத்தான்.

"நில்லு மாப்ள!" குருந்தன் அவன் சட்டையைப் பிடித்தான். "ஏறினா பத்து ரூபா. இறங்கினா?"

"கழிஞ்சிருமோ?"

"எண்ணூறும் இறங்கினா?"

சிவனாண்டி வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "ஒண்ணுமே மிஞ்சாதே! செவத்தா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"இங்கேயே குடியிருந்துருவோம்" என்றான் ஒருவன்.

"மாட்டுல பால் கறக்கணுமே."

"உருண்டு போனா?" என்றான் இன்னொருவன்.

அவனே ஒரு படி உருண்டு பார்த்தான். மண்டை புடைத்தது. "உருண்டாலும் படி தட்டுதுப்பா. கழிஞ்சிரும்" என்று திரும்ப ஏறிக்கொண்டான்.

குருந்தன் வெகுநேரம் யோசித்தான். "ஏறும்போது நம்ம மூஞ்சி எங்கே இருந்துச்சு?"

"உச்சியைப் பார்த்து."

"இப்பவும் உச்சியைப் பார்த்துக்கிட்டே போவோம். அப்ப அதுவும் ஏறுறதுதானே?"

அப்படியே நான்கு பேரும் பின்பக்கமாகவே நடந்து, எண்ணூறு படியையும் மூச்சு வாங்க 'ஏறி' முடித்தார்கள். கடைசிப் படி தாண்டியதும் சிவனாண்டி திரும்பினான். எதிரே கட்டிலில் மோர்ச் செம்போடு செவத்தாயி, பக்கத்தில் படிகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்த முதலாளி!

அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அடிப்பாவி! இந்த உடம்போட நீயும் உச்சிக்கு ஏறி வந்துட்டியா? முதலாளி, இவளுக்கும் சேர்த்து எழுதுங்க!"

"நான் எங்கேய்யா ஏறினேன்? காலையிலேர்ந்து கீழேதான் உக்காந்திருக்கேன்!"

"தங்கச்சிக்கு மயக்கம், உளறுது" என்றான் குருந்தன். "நடக்க விடாதீங்க. வீட்டுக்குத் தூக்கிட்டு இறங்குவோம். நம்ம மூஞ்சி மட்டும் உச்சியைப் பார்த்தே இருக்கட்டும், கழிஞ்சிரப் போகுது."

நான்கு பேரும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, உச்சியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்கள். முதலாளி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே மறுபடியும் படிகளை எண்ண ஆரம்பித்தார்.

"ஏய்யா, வீடு அந்தப் பக்கம்!" என்று கத்தினாள் செவத்தாயி.

"தெரியும் தங்கச்சி. பாதி தூரம் இறங்கியாச்சு" என்றான் குருந்தன், நானூறாவது படியில்.