கட்டியம் கூறிய ஆள்காட்டி

ஒரு காட்டில் ஒரே ஒரு தண்ணீர்த்துறைதான் இருந்தது. கோடை வந்துவிட்டால் வேறெங்கும் ஒரு சொட்டு ஈரம் கிடைக்காது. பசித்தவரும் அங்கேதான் வரவேண்டும், பயந்தவரும் அங்கேதான் வரவேண்டும்.

அந்தத் துறையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் தலை குனிந்து குடிக்கும்போது இன்னொருவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். மரத்திலிருந்து மந்தி பார்க்கும். கரையில் புள்ளிமான் மோப்பம் பிடிக்கும். சேற்றோரத்தில் ஆள்காட்டிக் குருவி நிற்கும். சிறுத்தையின் வால்நுனி தெரிந்தால் போதும், பார்த்தவர் கத்துவார். கேட்டவர்கள் எல்லாரும் கத்துவார்கள்.

சிறுத்தை பதுங்கிப் பிடிக்கும் பிறவி. யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் அதன் வேட்டை அத்தோடு முடிந்தது. முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்விடும்.

இப்படிப் பல நாள் பட்டினி கிடந்த சிறுத்தை, ஒருநாள் பட்டப்பகலில் வந்து துறையோரப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தது.

"இன்று முதல் நான் உங்கள் அரசன்" என்றது. "இந்தக் காட்டில் அமைதி இல்லை. ஏன் தெரியுமா? எப்போது பார்த்தாலும் கூச்சல். கூச்சல் கேட்டால் நீங்கள் ஓடுகிறீர்கள். ஓடுகிறவரைக் கண்டால் எனக்குத் துரத்தத் தோன்றுகிறது. குற்றம் என்னுடையதா, கூச்சலுடையதா?"

பிறகு வாலைச் சுழற்றிக்கொண்டே மேலும் சொன்னது:

"கத்துவதை நிறுத்துங்கள். அமைதி தானாக வரும். மீறிக் கத்துகிறவர் காட்டின் பகைவர். அவர் பெற்ற குட்டியைத்தான் முதலில் பிடிப்பேன்."

புள்ளிமானுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. கால் இன்னும் நேராக நிற்காத குட்டி. அமைதி என்ற சொல்லைக் கேட்டதும் தாயின் கண் நிறைந்துவிட்டது.

"சம்மதம் அரசே" என்று முதலில் சொன்னது அந்த மான்தான்.

"எனக்கென்ன, நான் இருப்பது மரத்தில்" என்றது மந்தி. "எனக்கும் சம்மதம்."

சேற்றோரத்திலிருந்து ஆள்காட்டி மட்டும் கேட்டது: "எங்கள் வாய் மூடினால் அமைதி என்கிறாய். சரி. உன் வாய் எப்போது மூடும்?"

அது வயதான குருவி. பழைய சிறுத்தை ஒன்றின் காலத்தில் தன் கால்விரல் ஒன்றை அது இழந்திருந்தது. யாருக்கும் தலை வணங்கியதில்லை என்பது அதற்குப் பெருமை. அந்தப் பெருமையைத் தவிர அதனிடம் வேறு சொத்தும் இல்லை.

மறுநாள் புதரில் வால் அசைந்தது. ஆள்காட்டி கத்தியது. சிறுத்தை திரும்பிப் போயிற்று. குழந்தைகளே, ஆள்காட்டிக்கு யார் நன்றி சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்?

"நடந்தால் கத்துகிறாய், பறந்தால் கத்துகிறாய், முட்டையிட்டாலும் கத்துகிறாய்!" என்று மந்தி சீறியது. "உன்னால்தான் காட்டுக்குக் கெட்ட பெயர்."

"கெஞ்சிக் கேட்கிறேன், அண்ணா. எங்கள் அமைதியைக் கெடுக்காதீர்கள்" என்றது மான்.

ஆள்காட்டி எதிர்க்கரைக்குப் பறந்து போயிற்று. துறை அமைதியானது.

நான்கு நாள் கழித்து ஒரு கிழட்டுக் கலைமானைக் காணவில்லை. "வழி தவறியிருக்கும்" என்றார்கள். அடுத்து ஒரு பன்றிக்குட்டியைக் காணவில்லை. "துடுக்கான குட்டி, எங்காவது போயிருக்கும்" என்றார்கள். பிறகு புள்ளிமானின் தங்கையைக் காணவில்லை. அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்குத்தான் தடை இருந்ததே!

ஒருநாள் காலையில், தன் குட்டி படுத்திருந்த புல்லுக்குப் பக்கத்தில் பெரிய பாதத்தடம் ஒன்று பதிந்திருப்பதை மான் பார்த்தது. தடத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

அது எதிர்க்கரைக்கு ஓடியது. "அண்ணா, நீங்கள் கத்துங்கள்! என் குட்டியைப் பார்த்து வைத்துவிட்டான்."

"உனக்கு வாய் இல்லையா?" என்றது ஆள்காட்டி.

"கத்தினால் என் குட்டியைப் பிடிப்பான்."

"கத்தாவிட்டால் விட்டுவிடுவானா?"

மான் தலை குனிந்து நின்றது. ஆள்காட்டிக்கு அதற்குமேல் கடுமையாகப் பேச மனம் வரவில்லை. தன்னைத் துரத்தியவர்கள்தான்; ஆனாலும் அந்தக் குட்டி யாரைத் துரத்தியது?

"போ. குட்டியை விட்டு நகராதே" என்றது.

பிறகு அது நேராகச் சிறுத்தையிடம் பறந்து போய், வாழ்நாளில் முதன்முறையாகத் தலை வணங்கியது.

"பாருங்கள், பாருங்கள்!" என்று மந்தி கிளையில் குதித்தது. "வணங்காத கழுத்தும் வளைந்துவிட்டது! எத்தனை நாள் வீராப்பு!"

ஆள்காட்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அரசே, எனக்கு ஒரு வருத்தம்" என்றது. "நீங்கள் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. நரிகூட இப்படித்தான் வருகிறது. அரசர் என்றால் முன்னால் ஒருவர் கட்டியம் கூறிக்கொண்டு போகவேண்டாமா? 'அரசர் வருகிறார், வழி விடுங்கள்' என்று நாடு அறியச் சொல்ல வேண்டாமா?"

நரி என்ற சொல் சிறுத்தையைச் சுட்டது. "கத்தக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேனே?"

"கத்துவது எளியவர் வேலை. இது வாழ்த்து, அரசே."

சிறுத்தை மீசையைத் தடவிக்கொண்டது. "அப்படியானால் இன்றே தொடங்கு. உரக்கச் சொல்."

அன்று மாலை அது வேட்டைக்குக் கிளம்பியதும் தலைக்குமேல் குரல் எழுந்தது. "அரசர் வருகிறார்! புள்ளிகளின் வேந்தர் வருகிறார்! ஆலமரத்துக்கு இடப்பக்கம் எழுந்தருளுகிறார்!"

ஆலமரத்துக்கு இடப்பக்கம் மேய்ந்த மான்கள் எல்லாம் வலப்பக்கம் ஓடின.

முதல் நாள் சிறுத்தை வாழ்த்தில் மயங்கிப் பசியை மறந்தது. இரண்டாம் நாள் பசி மறக்கவில்லை. நான்காம் நாள் அரசர் தவளை பிடித்துத் தின்றார்.

"கொஞ்சம் மெல்ல வாழ்த்தக்கூடாதா?" என்று ஐந்தாம் நாள் சிறுத்தை கேட்டது.

"ஐயோ, மெல்ல வாழ்த்தினால் அரசரை மதிக்கவில்லை என்பார்களே!" என்றது ஆள்காட்டி. மறுநாள் இன்னும் உரக்க வாழ்த்தியது.

ஏழாம் நாள் உச்சிவெயிலில் எல்லாரும் துறையில் கூடியிருந்தார்கள். மான்குட்டி தள்ளாடியபடி தண்ணீரில் வாய் வைத்தது. பத்தடி தள்ளி, நாணலுக்குள் சிறுத்தை வயிறு தரையில் பட ஊர்ந்து வந்தது.

"வேந்தர் நாணலுக்குள் படுத்தருளுகிறார்! வால் ஆட்டியருளுகிறார்!" என்று மேலிருந்து குரல் வந்தது. மற்றவர்கள் கரையேறி விலகினார்கள்; கால் தேறாத குட்டியும் தாயும் மட்டும் தண்ணீரோரம் நின்றன.

பசியில் சிறுத்தைக்கு நிதானம் போய்விட்டது. நாணலைவிட்டு வெளியே குதித்துக் கர்ஜித்தது.

"வாயை மூடு! நீ குரல் கொடுத்தால் இரை ஓடிப்போகிறது! அதற்காகத்தானே உங்கள் எல்லார் வாயையும் மூட வைத்தேன்!"

துறையில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அரசரின் சட்டத்துக்கு அரசரே பொருள் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சிறுத்தைக்கே அது புரிந்தது.

"இனி யார் வாய் திறந்தாலும் அவர்தான் இன்றைய இரை" என்று உறுமிக்கொண்டு குட்டியின் பக்கம் திரும்பியது.

அப்போது தாய்மான் முன்காலைத் தரையில் ஓங்கி அடித்தது. இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த குரலெல்லாம் ஒரே குரலாக வெளியே வந்தது. அப்படி ஒரு கத்தலை அந்தக் காடு அதற்குமுன் கேட்டதில்லை.

சிறுத்தை மானின் பக்கம் பாயத் திரும்பியது. முதுகுக்குப் பின்னால் மந்தி கத்தியது. வீராப்பைக் கேலி செய்த அதே மந்திதான். கிளையை உலுக்கி உலுக்கிக் கத்தியது. அந்தப் பக்கம் திரும்பினால் மயில் அகவியது. இந்தப் பக்கம் திரும்பினால் பன்றிகள். யார்மேல் பாய்வது? எல்லாக் கண்களும் சிறுத்தையின் மேலேயே இருந்தன. ஒளிய ஒரு புதர்கூட மிச்சமில்லை.

அது மெல்லப் பின்வாங்கியது. நாணலைத் தாண்டியது. பாறையைத் தாண்டியது. அது போன வழியெல்லாம் ஒவ்வொரு மரமும் குரல் கொடுத்து அதை எல்லைவரை கொண்டுபோய் விட்டது.

மான் குட்டியை நக்கிக் கொடுத்தது. பிறகு ஆள்காட்டியிடம் வந்தது. அதன் பார்வை தரையைவிட்டு எழவில்லை.

"வெட்கப்படுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்றது ஆள்காட்டி. "ஏழு நாளாகக் கத்தித் தொண்டை வறண்டு கிடக்கிறது."

அது தண்ணீரோரம் இறங்கியது. எத்தனையோ கோடைகளாக மற்றவர் குடிப்பதற்குக் காவல் நின்ற குருவி. அன்றுதான் அது இருபுறமும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, தலை குனிந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தது.

பக்கத்தில் புள்ளிமான் தலை நிமிர்ந்து நின்றது.

நீதி: வாயை மூடச் சொல்கிறவன் தேடுவது அமைதியை அல்ல, இரையை.