தார்ப்பாய்க்கு அடியில்

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் உண்டு. இப்போது இல்லை. இப்போது சீடன் பொன்னுரங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"நாளைக்கு எங்க அண்ணன், மகள் கல்யாணப் பத்திரிகையோட மடத்துக்கு வர்றாரு சாமி. உங்களுக்கு மட்டும் வச்சிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிட்டா?"

"பேசி எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருஷம். சண்டையில 'இனி உன் வாசலை மிதிச்சா பாரு'ன்னுட்டு வந்தவன்தான். அமாவாசைக்கு அமாவாசை உப்பு வாங்க டவுனுக்கு அனுப்புறீங்களே, பஸ் அவர் வீட்டைத் தாண்டித்தான் போகும். தலையைக் குனிஞ்சுக்குவேன்."

"தலையைக் குனிஞ்சுக்குவேன்" என்றார் சாமி. அச்சு அசலாகப் பொன்னுரங்கத்தின் குரல், மூக்குறிஞ்சல் உட்பட.

சாமிக்கு எல்லார் குரலும் வரும். கோழி போலக் கொக்கரித்தால் மடத்துச் சேவல் ஓடி வரும்.

"கேலி பண்ணாதீங்க சாமி."

"சரி. போய் ஜெனரேட்டரைக் கிளப்பு."

"அதுவா? கரன்ட் ஒழுங்கா வர ஆரம்பிச்சதுலேர்ந்து யாருமே தொடலையே! பழைய பெட்ரோல் பசையாகி அடைச்சிருக்கும்."

"கயிறை இழு."

பொன்னுரங்கம் தார்ப்பாயை விலக்கினான். தூசி பறக்கவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை.

ஒரே இழுப்பு. டுபுடுபுடுபு. பல்பு எரிந்தது.

சாமி காலில் தடாலென்று விழுந்தான்.

"புரிஞ்சுது சாமி! நல்ல சரக்குன்னா சும்மா கிடந்தாலும் கெடாது. பாசமும் அப்படித்தான்!"

"ம்" என்றார் சாமி.

இங்கேயும் சிரிக்காதீர்கள். பாவம், அவன் ஞானம் பெற்ற சந்தோஷத்தில் இருக்கிறான்.

மறுநாள் அண்ணன் வந்தார். பத்திரிகைத் தட்டைச் சாமியிடம் வைத்தார். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

திரும்பிய அண்ணன் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ரங்கா! போன அமாவாசைக்குப் பேசினப்ப தொண்டை கட்டியிருந்துச்சே. தேவலையா?"

"நானா? பேசினேனா?"

"மாசாமாசம் மடத்து நம்பர்லேர்ந்து கூப்பிடுவியேடா! ஒரு விஷயமும் இருக்காது. 'சாப்பிட்டியாண்ணே'ம்ப, வச்சிடுவ. அதுவும் பாதி கேக்காது. பின்னால ஏதோ இன்ஜின் டுபுடுபுன்னு ஓடிக்கிட்டிருக்கும்."

பொன்னுரங்கம் மெல்லத் திரும்பினான்.

சாமியின் நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு.

"சாமீ..."

"சாப்பிட்டியாண்ணே?" என்றார் சாமி, பொன்னுரங்கத்தின் குரலில்.