முப்பதாவது ஆள்

"ஒரே ஒரு கையெழுத்து, மேடம். அதுக்கு மூணு வாரமா?"

ஆவுடையப்பன் அறைக்குள் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. பாவம், அவர் அவசரம் அவருக்கு.

வயது நாற்பத்தொன்பது. பாளையங்கோட்டையில் இருபது வருஷம் கிளினிக் வைத்துப் பல் பார்த்தவர். தலை நரைத்த பிறகு ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே பல் பிடுங்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆராய்ச்சிப் பேப்பர் போடவும் தெரிய வேண்டும் என்று. சரி, பி.எச்டி. பண்ணித் தொலைப்போம் என்று இறங்கிவிட்டார்.

வீட்டில் மகள் பிளஸ் டூ. அப்பாவும் மகளும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்தார்கள்.

அவருக்கு வாய்த்த கைடு டாக்டர் பெர்னதெத். அவரைவிட ஏழு வயது சின்னவர். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிவிட்டால் அன்றைக்கு மழைதான் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

"பி.எச்டி. கெடு மார்ச்சோட முடியுது, மேடம். ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினா அச்சாயிடும். இல்லன்னா ஆறு வருஷமும் அம்போ."

மேடம் கட்டுரையை எடுத்துப் பிரித்தார்.

விஷயம் இதுதான். பல் போன இடத்தில், தாடை எலும்புக்குள் சின்னதாக ஒரு டைட்டானியம் திருகை முடுக்கி, அதன் தலையில் புதுப் பல்லை மாட்டுவார்கள். இம்ப்ளாண்ட் என்று பேர். புது மாதிரி மேல்பூச்சு பூசிய இம்ப்ளாண்டை முப்பது பேருக்கு இலவசமாக வைத்து, இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்த்திருந்தார் ஆவுடையப்பன்.

"நூறு சதவீதமா?" என்றார் மேடம்.

"ஆமா, மேடம். இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது."

"வச்சது?"

"முப்பது."

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் போட்டிருக்கேனே, மேடம். நாலாம் பக்கம், கீழேருந்து ரெண்டாவது வரி. 'தொடர்புகொள்ள இயலாத ஒருவர் ஆய்விலிருந்து நீக்கப்பட்டார்.'"

"பேரு என்ன?"

"பி முப்பது."

"பேரு கேட்டேன், டாக்டர்."

ஆவுடையப்பன் மண்டையைச் சொறிந்தார். ஒரு அம்மா. அவ்வளவுதான் ஞாபகம். போன் போட்டால் ஒரு பொண்ணு எடுத்து ராங் நம்பர் என்று வைத்துவிட்டது. இரண்டு தடவை.

அவருக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது.

"உலகத்துல எல்லாரும் இப்படித்தான், மேடம், பண்றாங்க. முந்நூத்திப் பன்னெண்டு கட்டுரை படிச்சிருக்கேன். வருஷா வருஷம் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. மேல்பூச்சு, கம்ப்யூட்டர்ல இடம் குறிக்கிறது, அன்னிக்கே பல்லை மாட்டி அனுப்புறது, இதுதான் இப்போ ஓடுது. எதை எடுத்தாலும் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொன்பது, நூறு. வராத ஆளைத் தேடிப் போனேன்னு ஒருத்தனும் எழுதல. விழுந்த பல்லைப் பத்தி எழுதினா எவன் போடுவான்?"



மேசைமேல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் பிளாஸ்டிக் தாடை ஒன்று இருந்தது. மேடம் அதிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லைக் கழற்றினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அதை வைத்து, கட்டுரையை ஆவுடையப்பன் பக்கமாகத் தள்ளினார்.

பிறகு டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அந்த முப்பதாவது ஆளைத் தேடி ஆவுடையப்பன் காரை எடுத்தார். வழியெல்லாம் மேடத்தைத் திட்டிக்கொண்டேதான் போனார். கிளினிக்கில் நான் பார்த்த பல்லில் பாதிகூடப் பார்த்திருக்காது இந்த அம்மா, நமக்கு வந்து வாய்த்திருக்கிறதே என்று.

ஃபைலில் பேர் இருந்தது. சுடலைவடிவு. ஐம்பத்தேழு வயது. தையல் வேலை. வீரவநல்லூர்.

ஊருக்குள் போய்த் தையல்காரம்மா என்று கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். இவ்வளவு சுலபமா என்று அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு சனிக்கிழமை வந்திருக்கலாம்.

வாசலை ஒட்டிப் போட்ட மெஷினில் அந்த அம்மா ஒரு ஜாக்கெட்டை முடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ஆளை அடையாளம் தெரிந்ததும் மிதித்த கால் அப்படியே நின்றுவிட்டது.

"எம்மா! டாக்டரய்யாவா!"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கீங்களாம்மா?"

"நல்லாருக்கேன், ஐயா." முந்தானைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"வாயைக் கொஞ்சம் காட்டுங்க."

"அது எதுக்கு இப்போ? காப்பி குடிக்கீயளா?"

"அம்மா."

சுடலைவடிவு முந்தானையை எடுத்தார். வலது பக்கம், கீழே, கடைவாயில், பல் இல்லை. வெறும் ஈறு.

ஆவுடையப்பனுக்கு முதலில் நினைப்பு போனது அந்த அம்மாமேல் இல்லை, மார்ச் மாதத்தின்மேல். அதை ஒளித்துச் சொல்வானேன்? மனுஷன்தானே.

"எப்போ விழுந்துச்சு?"

"போன ஆடியில. ஒரு மாசமா ஆடிச்சு. சீழ் கட்டுச்சு. பொறவு ஒரு நாள் சோறு திங்கையில கையோட வந்துட்டு."

"அப்பவே வந்திருக்கலாம்லா? நான் போன் பண்ணப்போ எடுத்தது யாரு?"

"மவதான். நான்தான் ராங் நம்பர்னு சொல்லச் சொன்னேன்." அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏம்மா?"

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். பாபின்களும் பட்டன்களும் போட்டு வைக்கும் ஒரு தகர டப்பாவோடு வந்தார். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் பல். திருகும் பல்லுமாக, முழுசாக, பளபளவென்று.

"வெந்நியில போட்டு நல்லாக் கழுவி வச்சிருக்கேன், ஐயா. சேதாரம் ஒண்ணும் இல்ல. வேற யாருக்காவது வச்சிரலாம்லா?"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அடக்கிக்கொண்டார்.

"ஒருத்தருக்கு வச்சத இன்னொருத்தருக்கு வைக்கக் கூடாதும்மா."

"அப்படியா?" அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ வீணாத்தான் போச்சா? நானும் எம்புட்டுப் பத்திரமாப் பாத்துக்கிட்டேன். ஒரு நாளு அந்தப் பக்கம் பிரஷு பட்டிருக்குமா? படவே விடலியே!"

ஆவுடையப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பிரஷ் போடலியா?"

"நீங்கதான அய்யா சொன்னீய, புதுப் பல்லு, பத்திரமாப் பாத்துக்கிடுங்கன்னு. தேச்சுத் தேச்சுத்தான பழைய பல்லு எல்லாம் ஓட்டையாச்சு? அதான் இதுல பிரஷே படாம, வாயை மட்டும் கொப்புளிச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் ஒரு முறுக்குகூடக் கடிக்காம வச்சிருந்தேன்."

பத்திரமாப் பாத்துக்கோங்க. ஆமாம், சொன்னார். முப்பது பேருக்கும் சொன்னார். எப்படி என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பல் தேய்ப்பதையெல்லாமா சொல்லித் தர வேண்டும் என்று இருந்துவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரையிலும் இது இல்லை.

"சரிம்மா. விழுந்தது விழுந்துட்டு. அதுக்கு ஏன் என்னப் பார்த்து ஒளியணும்?"

சுடலைவடிவு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"சொன்னா வையக் கூடாது."

"இல்ல, சொல்லுங்க."

"பல்லு வச்ச அன்னைக்கு நர்ஸம்மா சொல்லிச்சு. ஐயா இத வச்சுத்தான் பெரிய படிப்புப் படிக்காவ, முப்பது பல்லும் நின்னாத்தான் பாஸுன்னு. எனக்கு மனசே கேக்கல. நரைச்ச தலையோட, பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு, இந்த வயசுல படிக்கீய. என் ஒருத்தியால நீங்க ஃபெயிலாயிரப்புடாதுல்லா? நான் வரலன்னா கணக்குல சேராதுன்னு இருந்துட்டேன்."

ஆவுடையப்பன் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆம்பிளை என்ற நினைப்பே இல்லாமல் அழுதார்.

"ஐயோ, என்னய்யா நீங்க! பாஸாயிட்டீயளா இல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். மெல்லிசான பிரஷ் ஒன்று வாங்கிவந்தார். மிச்சம் இருக்கிற பல்லை எப்படித் தேய்க்க வேண்டும், ஈறோரத்தில் எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று அந்த அம்மா கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை வந்தால் புதுப் பல்லுக்கு அளவெடுக்கலாம் என்றார்.

"அந்த முப்பதுல இது சேருமா?" என்று கேட்டார் சுடலைவடிவு.

"சேராதும்மா. இது உங்களுக்கு."

காருக்குள் வந்து உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பவில்லை. போனை எடுத்து, ஃபைலில் இருந்த மற்ற இருபத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒரே கேள்வி. அந்தப் பல்லை எப்படித் தேய்க்கிறீங்க?

நாலு பேர் பெருமையாகச் சொன்னார்கள், தொடுவதே இல்லை என்று. மறுநாளே நாலு பேரையும் வரச் சொல்லி வாயைப் பார்த்தார்.

திங்கட்கிழமை மேடம் அறையில் இருந்தார். ஆவுடையப்பன் இந்தத் தடவை வணக்கம் சொன்னார்.

"மாத்தி எழுதிட்டேன், மேடம். முப்பதுக்கு இருபத்தொன்பது. நாலு பேருக்கு ஈறு வீங்கியிருக்கு, இப்பவே சரிபண்ணிரலாம். ஏன்னும் எழுதியிருக்கேன். ஜர்னல்காரங்க திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம்."

மேடம் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் கொஞ்சம் நின்றார். அங்கே ஒரு தையல்காரம்மாவின் பேர் இருந்தது, அவரிடம் கேட்டுக்கொண்டு போட்டது.

கையெழுத்துப் போட்டார்.

"பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதுறேன்," என்றார். "ஆறு மாசம் கேட்போம். தருவாங்களான்னு தெரியல."

"தரலன்னா?"

"தெரியல, டாக்டர்."

ஆவுடையப்பன் தலையாட்டினார். அதிசயமாக அவருக்குப் பயமே வரவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தார்.

கிளம்ப எழுந்தவர் கதவருகே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும், மேடம். அந்த அம்மாவுக்குப் பல்லு விழுந்திருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது."

"பின்ன?"

மேடம் எழுந்து அலமாரியைத் திறந்து, மங்கிப்போன ஒரு ஜர்னலை எடுத்து அவர் முன்னால் பிரித்து வைத்தார். எழுதியவர்கள் வரிசையில் முதல் பேர் பெர்னதெத். ஆவுடையப்பன் படித்த முந்நூற்றுப் பன்னிரண்டில் பாதிப் பேர் இந்தக் கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவரும் காட்டியிருந்தார்.

"முப்பத்துமூணுக்கு முப்பத்துமூணு," என்றார் மேடம். "அப்போ எனக்கு இருபத்தெட்டு வயசு. ஊரே கைதட்டுச்சு."

"வச்சது எத்தனை, மேடம்?"

"நாப்பது."

ஆவுடையப்பன் திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேடம் கைப்பையைத் திறந்தார். எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. ஏழு பேர், ஏழு விலாசம்.

"பதினாலு வருஷமா கூடவே வச்சிருக்கேன். ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கேன்." கிழிந்த மடிப்பை விரலால் நீவினார். "தனியாப் போகப் பயமா இருக்கு, டாக்டர்."

ஆவுடையப்பன் தாளை வாங்கி முதல் வரியைப் படித்தார்.

"ராதாபுரந்தான? வாங்க, மேடம், ரெண்டு பேருமாப் போவோம்."